கைகட்டி டாக்டர்

அந்த டாக்டரம்மாவுக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் வைத்த பட்டப்பெயர் 'கைகட்டி டாக்டர்'. வைத்தவன் வாய்க்கொழுப்புப் பிடித்தவன்தான்; ஆனால் சொன்னதில் பொய் இல்லை. தெருவிலோ வீட்டிலோ ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் விழுந்து கிடந்தால், வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடுவார் அம்மா. ஓடிப்போய், விழுந்தவரின் காலடியில் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். டிரைவரும் நர்ஸும் மாறி மாறி நெஞ்சை அழுத்துவார்கள். அம்மா கடிகாரத்தையும் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷினையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வராதா? வரும். ஆனால் இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்தான் டாக்டர் என்ற மிதப்பில், விழுந்து கிடந்த ஒரு தையல்காரரின் தொண்டையில் மூச்சுக்காகக் குழாய் செருக மண்டியிட்டார். டாக்டர் குனிந்ததும் மற்ற இருவரும் மரியாதையாகக் கையை எடுத்துவிட்டார்கள். முக்கால் நிமிடம் அந்த நெஞ்சை யாரும் அழுத்தவில்லை. மணியையும் யாரும் பார்க்கவில்லை. தையல்காரர் பிழைக்கவில்லை. அதுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு மட்டும் அந்த முக்கால் நிமிடம் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரு முற்பகலில் அச்சகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அச்சகக்காரர் காகிதக் கட்டுகளுக்கு நடுவே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஆபீஸிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, அவர் மனைவி ஒன்பது நிமிடம் ஒற்றை ஆளாக நெஞ்சை அழுத்தியிருக்கிறார். டிரைவர் கட்டுகளைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். அம்மா வழக்கம்போலக் காலடியில் போய் நின்றார்.

இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதை மெஷின் காட்டியது. நெஞ்சில் இரண்டு பேட் ஒட்டி, அவற்றின் வழியாக ஷாக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு மறுபடி கொடுத்தார்கள். அதுவும் வீண்.

மனைவி வெடித்துவிட்டார். "ஏம்மா, நீ டாக்டர்தானே? நான் உசுரக் குடுத்து அமுக்கிட்டிருந்தேன். நீ வந்து கையக் கட்டிட்டு வேடிக்கை பாக்குற! தூக்கி வண்டில போடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!"

பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் தூக்குவதற்கு உள்ளே வந்தேவிட்டார்கள்.

"யாரும் தொடாதீங்க!" அம்மா போட்ட சத்தத்தில் இருவரும் அப்படியே நின்றார்கள். "தூக்கினா அமுக்கறது நின்னுடும். நின்னா இவர் போயிடுவாரு. ஆஸ்பத்திரில முதல்ல செய்யறதத்தான் இங்க செஞ்சிட்டிருக்கோம், அக்கா. நானும் குனிஞ்சிட்டா மொத்தத்தையும் பாக்க ஆள் இல்ல. அதான் நிக்கறேன்."

அக்கா நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? ஊசி மருந்தும் போட்டாயிற்று. மூன்றாவது ஷாக்கும் பலிக்கவில்லை. நர்ஸ் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். டிரைவரும் அழுத்திக்கொண்டே பார்த்தான். இனி என்ன என்று சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். அம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. பாய்ந்து அழுத்தினால் தன் மனசுக்காவது ஆறுதலாக இருக்கும். கட்டிய விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டு யோசித்தார். மூன்று தடவையும் மின்சாரம் ஒரே பாதையில்தான் போயிருக்கிறது.

"ஷாக் பேட இடம் மாத்து. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு முதுகுல. ஆள் மாறுற நேரத்துல பெரட்டி ஒட்டிடணும். மூணு எண்ணுவேன், அதுக்கு மேல கிடையாது."

இரண்டரையிலேயே ஒட்டிவிட்டாள் நர்ஸ், கெட்டிக்காரி. நான்காவது ஷாக். மறுபடி இரண்டு நிமிடம் அழுத்தினார்கள். கையை எடுத்துப் பார்த்தபோது மெஷினில் கோடு ஒழுங்காக எழுந்து எழுந்து இறங்கியது. நர்ஸ் அச்சகக்காரர் கழுத்தில் விரல் வைத்தாள். "நாடி இருக்கு டாக்டர்!"

"இப்பத் தூக்குங்க," என்றார் அம்மா.

ஐந்தாம் நாள் வார்டுக்குப் போனார். அச்சகக்காரர் தலையணையில் சாய்ந்துகொண்டு, எந்த ஆர்டர் முடிந்தது, எது பாக்கி என்று மனைவியை நச்சரித்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் அந்த மனைவி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சிருங்கம்மா. நீங்க இல்லன்னா இவர் இல்ல."

தன்னைப் பிடித்திருந்த கைகளை அம்மா பார்த்தார். இரண்டு மணிக்கட்டும் வீங்கி, ஒன்றில் கட்டுப் போட்டிருந்தது.

"அந்த ஒன்பது நிமிஷம் நீங்க அமுக்காம விட்டிருந்தா அக்கா, நான் வந்து நெஜமாவே கையக் கட்டிட்டுத்தான் நின்னிருக்கணும்."