அவித்த மண்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் இக்காஸ்ட் என்ற குளிர் ஊரில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்காத தமிழ் வீடு குறைவு. வளர்த்துக் கொல்லாத வீடு அதைவிடக் குறைவு. பாசம் கூடினால் எல்லாவற்றையும் தூரில் ஊற்றிவிடுவோம்: அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், மிஞ்சிய மோர். பனிக்காலத்தில் ஜன்னலோரம் நிற்கும் ஒரு சாண் கன்றுக்கு இத்தனை விருந்து எதற்கு என்று கேட்டால் என்னை வாயாடி என்பார்கள்.

போன மாசியில் மச்சாள், என் கணவரின் அக்கா, தொலைபேசியில் அழைத்தார். ஐப்பசியில்தான் அவர் கணவர் இறந்திருந்தார். அந்த அண்ணை கோடையில் விதை போட்டு முளைக்கவைத்த கன்றுகளில் ஒன்றே மிஞ்சியிருந்தது. அதுவும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

“கெதியா வாரும். இதுவும் போனால் நான் என்ன செய்வன்?”

போய்ச் சட்டியைத் தூக்கியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. புளித்த வாடை. சின்னப் பூச்சிகள் எழும்பிப் பறந்தன. எரு கலந்த கடை மண் களியாகக் கையில் ஒட்டியது.

“மச்சாள், இதுக்குள்ளை என்ன ஊத்துறீங்கள்? பால் மணக்குது!”

அவர் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“விடிய எழும்பினால் கை தன்பாட்டிலை ரெண்டு கோப்பை தேத்தண்ணி போடுது. அவற்ரை தேத்தண்ணியைச் சிங்குக்குள்ளை ஊத்த மனம் வரேல்லை. அவர் வைச்ச கண்டுதானே எண்டு...”

சட்டியை மெல்லக் கீழே வைத்தேன்.

வேர் பிடிக்கும் வயதில் கன்றுக்குச் சத்தான மண் வேண்டாம். காற்றுப் போகவேண்டும், தண்ணீர் நிற்காமல் வடியவேண்டும், அவ்வளவுதான். விதை போடுவதற்கென்று விற்கும் மெல்லிய மண்ணை வாங்கி, அதில் பருமணலும் பெர்லைட் என்ற வெள்ளை நுரைக்கல்லும் கலந்தேன். பூச்சி முட்டை சாகவேண்டுமே என்று பழைய இடியப்பப் பானையில் வைத்து அவித்தேன். அடுப்படிக்கு வந்த என் கணவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“சாப்பாட்டிலை மண் விழுந்ததெண்டு சொல்லுவினம். இண்டைக்குத்தான் கண்ணாலை பாக்கிறன்.”

மறுநாள் கன்றைக் கழற்றி வேரைக் கழுவினோம். முக்கால்வாசி அழுகல். வெள்ளை வேர் கொஞ்சம் இருந்தது. ஆறிய மண்ணைச் சற்று ஈரமாக்கினேன். பிடித்தால் பிடிபடவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். புட்டுமாப் பதம்தான். மச்சாளின் கையாலேயே நடவைத்தேன்.

“இனி இதுக்குப் பச்சைத் தண்ணி மட்டும்தான். அதுவும் மேல்மண் காய்ஞ்சால்.”

“அப்ப அவற்ரை தேத்தண்ணி?”

“நான் வந்து குடிக்கிறன். காலமை வேலைக்குப் போற வழிதானே.”

அது நான் போகும் வழியே அல்ல. நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் ஊரின் மற்றப் பக்கம். ஆனாலும் ஒவ்வொரு காலையும் போனேன். அண்ணைக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும். எனக்கோ சீனி கண்ணில் காட்டக்கூடாது. ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தப் பாகைக் குடித்தேன். என் வாய்க்கு அது பெரிய காரியம்.

சித்திரையில் கன்று ஒரு பச்சைத் துளிர் விட்டது. மச்சாள் ஜன்னலை விட்டு நகரவில்லை. எனக்கு அன்று வேலைக்குப் பிந்திவிட்டது.

வைகாசியில் ஒரு காலை. முதல் மிடறு குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். தேநீரில் சீனியே இல்லை. மச்சாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உமக்குச் சீனி ஆகாதெல்லே. இண்டைக்குத்தான் எனக்கு நினைவு வந்தது.”

கோப்பையை வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் அழவில்லை.