இரண்டாவது பிரேக்

சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எங்கள் அம்மாவை இன்றைக்கும் ‘சடன் பிரேக்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பந்தியில் ரசவாளி கொஞ்சம் தளும்பினால் போதும், சடன் பிரேக் பக்கத்தில் இருக்கிறாளா பார் என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். வரிசையே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பெயர் அவளுக்கு வந்த நாளில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அம்மா மேல்.

அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. மத்திகிரியில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான் நான்காவது படிக்கும்போது அப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். எங்களுக்கு முன்னால் பலபேர் ஓட்டித் தேய்த்தது. அதை ஓட வைத்தது தாய்மாமா. வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்த அவருக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் எங்கள் வாசல்தான் ஒர்க் ஷாப்.

எதையும் காசு கொடுத்து மாற்றுவது மாமாவுக்கு ஆகாது. சைலன்சர் ஓட்டையைப் பால் பவுடர் டப்பாவின் தகட்டை வெட்டிச் சுற்றி அடைத்தார். ரேடியேட்டர் ஒழுகியதற்கு அம்மாவின் டப்பாவிலிருந்து மஞ்சள்தூளை அள்ளிக் கொட்டினார். ஒழுகல் நின்றது, அம்மாவின் ஏச்சு நிற்கவில்லை. கதவுக் கண்ணாடி உள்ளே விழாமல் இருக்க பழைய செருப்பை வெட்டிச் செருகினார். எங்கள் வீட்டில் அறுந்த செருப்பு எதுவும் குப்பைக்குப் போனதில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த ஆரன் செத்துப்போனதும், வீட்டுக் காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை டேஷ்போர்டின் இடது பக்கம் திருகி வைத்தார். முன் சீட்டில் உட்கார்ந்து அதை அழுத்துவது என் இலாகா. அப்பா கண்ணைக் காட்டுவார், நான் அழுத்துவேன். மத்திகிரி கால்நடைப் பண்ணை மாடுகளெல்லாம் என் ஆரனுக்குத் திரும்பிப் பார்த்தன என்று பள்ளியில் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பதவி ஒரே நாளில் பறிபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெடலையும் நீளமான ராடையும் கொண்டுவந்தார். வழக்கமாக வாசலில் நாலு பேர் கூடி யோசனை சொல்ல நடக்கும் வேலை, அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் காரைத் தள்ளிக்கொண்டு போய் நடந்தது. யாரும் கிண்டல் பேசவில்லை. மாலைக்குள் முன் சீட்டின் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் வந்துவிட்டது. அங்கே மிதித்தால் அப்பாவின் காலடியில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். இனி முன் சீட்டு அம்மாவுக்கு என்றார் மாமா. நீ தெரியாமல் மிதித்துவிடுவாய், பின்னால் போ என்றார். ஆரனும் அம்மாவுக்குப் போனது.

எதற்கு இது என்று கேட்டேன். அம்மா வண்டி ஓட்டப் பழகப் போகிறாள் என்று சொன்னார்கள். அம்மா ஒரு நாளும் ஸ்டீயரிங் பக்கம் உட்காரவில்லை. பிரேக்கை மட்டும் பழகி யாராவது வண்டி ஓட்டுவார்களா? வரிசை வீட்டுப் பையன்கள் கேட்ட கேள்விதான் இன்னும் மோசம்.

“ஏன்டா, உங்கப்பா இன்னும் எல் போர்டா?”

மூன்று ஷிப்டிலும் வேலை பார்க்கும் என் அப்பாவை, பக்கத்தில் ஆள் உட்கார வைத்து ஓட்டும் கத்துக்குட்டியாக்கிவிட்டார்களே என்று உள்ளே கொதித்தது.

அந்த வருஷம் அத்தை மகனுக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், அப்பாவின் ஊர்க் கோயிலில் விழா. அத்தை வீட்டுக்காரர் அப்பாவின் கம்பெனியில்தான் சூப்பர்வைசர். அப்பாவை அங்கே சேர்த்துவிட்டவர் அவர். அதை மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. அப்பாவை நிரந்தரமாக்கலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆகும், ஒரு வார்த்தை சொன்னால் ஆகாது.

கேக் வாங்கிவருவது எங்கள் பொறுப்பு. ஓசூர் பேக்கரியில் சொல்லிச் செய்த வெள்ளைக் கேக்; மேலே மஞ்சள் கிரீமில் நற்கருணைப் பாத்திரம் வரைந்திருந்தார்கள். மூடி சரியாக இறங்காத அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். இழந்த பதவிக்கு ஈடாக இதையாவது ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்று மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டிக் காடு தொடங்கியது. யானை வருமா என்று அப்பாவைக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அப்பாவின் இடது கை விரல்கள் சட்டைப் பொத்தானை நிமிண்டிக்கொண்டிருந்தன. வீட்டிலும் சில நேரம் அப்படித்தான், கூப்பிட்டால் காதில் வாங்காமல் பொத்தானை நிமிண்டுவார். சம்பாதிக்கிற மனுஷனுக்கு அவ்வளவு கெத்து என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நொடி அம்மா இரண்டு காலாலும் பெடலை மிதித்தாள். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். வண்டி குலுங்கி, இஞ்சின் அணைந்து நின்றது. கேக் முன் சீட்டின் முதுகில் போய் அறைந்தது. ரோடு வலது பக்கம் வளைந்து போயிருந்தது. நாங்கள் மட்டும் வளையாமல், முன் சக்கரம் மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு எதிரே நின்றோம். எல்லாம் அம்மா செய்த வேலை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அப்பா கொஞ்ச நேரம் கழித்து என்ன ஆச்சு என்று கேட்டார். நாய் குறுக்கே வந்தது என்றாள் அம்மா. நாயே இல்லை என்றேன் நான். அம்மா திரும்பி, “நாய்தான்டா கண்ணு” என்றாள். அப்பா தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பூசைக்கு நேரமாகிறது என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். அத்தை பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“கேக் வாங்கிட்டு வரச் சொன்னா களி கிண்டிக்கிட்டு வந்திருக்கியேண்ணா?”

நாய்க் கதையை அம்மா மறுபடி சொன்னாள். சட்டையெல்லாம் கிரீமோடு நின்றிருந்த எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் அப்போதுதான் மனப்பாடம் செய்திருந்தேன்.

“நாயெல்லாம் வரல. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. அம்மா பொய் சொல்லுது.”

அத்தை வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

“நாய் வரலீன்னா வண்டி ஏன் மச்சான் நின்னுச்சு? தூங்கிட்டியா? ஒடம்புக்கு ஏதாச்சுமா?”

அம்மாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவர ஏன்ணா கேக்கறீங்க. நாந்தான் மிதிச்சேன். காட்டப் பாத்ததும் யானை கீனை வந்துருமோன்னு பயம். சும்மாவே மிதிச்சிட்டேன். மானம் போகுதேன்னு நாய் மேல பழியப் போட்டேன்.”

பந்தியே சிரித்தது. அத்தை வீட்டுக்காரரும் சிரித்து டம்ளரை எடுத்துக்கொண்டார். “சரியான சடன் பிரேக்கு. மச்சான், ஒண்ணு அந்தப் பெடலக் கழட்டு, இல்லீன்னா தங்கச்சிய எறக்கி உட்டுரு” என்றார். அப்பா இலையைப் பார்த்தபடி இருந்தார். உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்ட பெருமையில் நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அப்பாவுக்கு ஒருவகை வலிப்பு என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னார்கள். கீழே விழமாட்டார், நுரை தள்ளாது. கண் திறந்தபடியே கொஞ்ச நேரம் அங்கே இல்லாமல் போய்விடுவார். விரல் மட்டும் பொத்தானை நிமிண்டும். அவர் செக்‌ஷனிலேயே ஒருவர் மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்து, அன்று சாயங்காலமே கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டதை அப்பா பார்த்திருக்கிறார். மெஷின் இல்லாத வேலை ஒன்று அந்த மனிதருக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அப்பா மறைத்தார். வாங்கிய காரை ஓட்டுவதைத் திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று முதல் ஆளாகக் கேட்பவர் அத்தை வீட்டுக்காரர். அதனால் ஓட்டினார்.

இதைச் சரி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்த வளைவில் எதிரே ஒரு பைக் வந்திருந்தால்? அவர் கை வைத்த பிரஸ்ஸுக்கு இரண்டாவது பெடல் யார் வைத்தது? அப்பாவிடம் சண்டையே போட்டிருக்கிறேன். மாத்திரையில் உடம்பு தேறி, கம்பெனியை விட்டு, காரையும் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் அதைக் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஆனால் ஒரு மனுஷனுக்கு நோவு வந்ததைச் சொன்னால் சோறு போய்விடும் என்று வைத்திருந்தார்களே, அவர்களை யார் கேட்பது?

இனியாவது உண்மையைச் சொல்லி அந்தப் பெயரைத் தொலைக்கலாம் என்று போன மாதம்கூட அம்மாவிடம் சொன்னேன்.

“அப்புறம் உங்கப்பாவ என்னான்னு கூப்புடுவாங்க?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புது நன்மை விழா அன்றைக்குத் திரும்பி வரும்போது கேக் இல்லாத மடியோடு பின் சீட்டில் உட்கார்ந்து அம்மாவை வேவு பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் புகாரை வைத்தேன்.

“பிரேக்குல கால வெச்சிருக்கறவங்க ரோட்டத்தான மாமா பாக்கணும்? அம்மா ரோட்டப் பாக்கறதே இல்ல. ஊர்ல இருந்து வீடு வர்ற வரைக்கும் அப்பா கையத்தான் பாத்துக்கிட்டு வந்துச்சு.”

மாமா என்னைத் திட்டவும் இல்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. வாசலில் கிடந்த என் பழைய செருப்பை எடுத்து, அடிப்பாகத்தை அளவாக வெட்டி, கால் வழுக்காமல் இருக்க அந்த இரண்டாவது பெடலின் மேல் ஒட்டினார். ஒட்டியது காயும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நியாயம் கேட்டு வந்தவனின் செருப்பைப் போய் வெட்டுகிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.