கன்னத்து மங்கு

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் கன்னங்களில் மங்கு படர்ந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பக்கத்து மெடிக்கலில் வாங்கிப் பூசிய கிரீம் முதலில் முகத்தை வெளுக்க வைத்தது. நிறுத்தியதும் எரிச்சல் எடுத்து, மங்கு முன்னைவிடக் கறுத்துப்போனது.

வேலூருக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். அந்த அம்மா விளக்கை முகத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் மேலாப்புல இருக்குது, கொஞ்சம் ஆழத்துல இருக்குது. ஒரே வைத்தியத்துல போவாது."

முதலில் தோல் ஆற வேண்டும். பிறகு மேல்தோலை மெல்ல உரிக்கும் பீல். இடைவெளி விட்டு, குறைந்த அளவில் லேசர். வீட்டில் சன்ஸ்கிரீன் ஒரு நாளும் தவறக்கூடாது.

"லேசரையே ஜாஸ்தியா வெச்சிட்டா சீக்கிரம் போய்டாதா மேடம்?"

"சூடு ஜாஸ்தியானா இன்னும் கறுத்துடும்மா. முழுசா போய்டும்னு சொல்ல மாட்டேன். நல்லா கம்மியாவும்."

ஆசை காட்டாமல் பேசியதாலேயே அவரை நம்பினேன்.

பீல் செய்த சில நாளில் வாயோரத்தில் தோல் உரியத் தொடங்கியது. அந்த வாரம் பார்த்து எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முகம் இப்படி இருக்குதே, லீவு போட்டுக்கிறியாம்மா?"

"அவங்க பாக்க வர்றது தையலை சார். அதை நான்தான் சொல்லணும்."

அவர் மறுக்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பெண்மணி என்னோடு லைன் முழுக்க நடந்தார். ஓர் ஓரத் தையலைக் குறித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். பிரித்துக் காட்டிப் பதில் சொன்னேன். திருப்தியானதும் என் முகத்தைப் பார்த்து, "பீலா?" என்றார். தலையசைத்தேன். கைக்குட்டையால் தன் நெற்றிப் பவுடரைத் துடைத்துக் காட்டினார். அங்கேயும் மங்கு. இருவரும் சிரித்துவிட்டோம்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த, என் லைனில் தைக்கும் ஒடுகத்தூர்ப் பெண் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். நான் பூசிய அதே கிரீம்.

"இது இன்னாக்கா, நல்லதா?"

"என் மூஞ்சிய கெடுத்தது இதான். அதுக்குன்னு நீயா திடீர்னு நிறுத்தாத. டாக்டர்கிட்ட காட்டு, எப்படி விடணும்னு சொல்வாங்க."

அடுத்த முறை லேசருக்குப் போனபோது அவளையும் கூட்டிப்போனேன். இப்போது என் மங்கு உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. கத்திரி வெயிலில் லேசாகத் தலைகாட்டும். அப்போது வேலூர் பஸ் ஏறிவிடுவேன்.