குதிரை முடி என்று சொன்னேன்

தௌஃபீக் எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவான். மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன் சட்டியைத் திறந்ததும் "இதுல என்ன கறி?" என்பான். மிட்டாய்க் கடையில் கன்னோலி என்கிற இனிப்பைக் காட்டி, அதன் மொறுமொறுப்பான மேல்கூட்டை எந்தக் கொழுப்பில் பொரித்தீர்கள் என்பான். பன்றிக் கொழுப்பு என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். முகம் சுளிக்க மாட்டான். சிசிலியில் எங்கள் மசாரா துறைமுகத்தில் வாய்த்துடுக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அவன் கேட்டால் எல்லோரும் உள்ளதைத்தான் சொன்னார்கள். பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

என் பெயர் பல்தசாரே. துறைமுகத் தெருவில் சலூன் வைத்திருக்கிறேன்; தொழில்காரன் என்பதால் ஊருக்கு நான் 'மாஸ்த்ரோ'. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

தௌஃபீக் பத்தொன்பது வயதில் கடலுக்கு அந்தப் பக்கம் துனீசியாவின் மஹ்தியாவிலிருந்து வந்தவன். சிவப்பு இறால் பிடிக்கும் இழுவைக் கப்பலில் முதலில் தளம் கழுவினான், பிறகு வலை தைத்தான், பிறகு வலை இழுக்கும் எந்திரமே அவன் பொறுப்புக்கு வந்தது. முப்பது நாள் கடல், ஐந்து நாள் கரை. கரைக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் கடைக்கு வருவான். "இந்தத் தாடியோட போனா பிள்ளைங்க அழும் மாஸ்த்ரோ" என்பான். பிள்ளைகளெல்லாம் வளர்ந்து ஆளான பிறகும் அதையேதான் சொன்னான். ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு பொட்டலம் இறாலைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான்.

உப்பு ஊறின தாடி லேசில் வழிக்கு வராது. அதற்குச் சோப்பு நுரை பூசப் பன்றி முடி பிரஷ்தான் சரி. வாங்கும்போது உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். குத்த வேண்டும், ஆனால் கீறக் கூடாது. புதிதில் மிருக வாடை அடிக்கும். தினமும் வெந்நீரில் ஊறவைத்து நுரை அடித்தால் வாடை போய், ஒரு மாதத்தில் முடியின் நுனி பிளந்து மெத்தென்று ஆகிவிடும். ஆனால் அடிப்பகுதி மட்டும் விறைப்பாகவே இருந்து தாடியை நிமிர்த்திக் கொடுக்கும். இத்தாலியில் முக்கால்வாசி சலூனில் இதுதான். யாரும் யாரிடமும் இது என்ன முடி என்று கேட்பதில்லை.

தௌஃபீக் கேட்டான். பதினோரு வருடத்துக்கு முன்னால், முதல்முறை என் நாற்காலியில் உட்கார்ந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்த்ரோ. இது என்ன முடி?"

வாசலில் அவனோடு வேலை பார்க்கிற ஐந்து பேர் நின்றிருந்தார்கள். கடையோ காலி. அந்த வாரம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் சாக்காகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"குதிரை" என்றேன்.

அவன் மணிக்கட்டை விட்டான். வாசல் பக்கம் திரும்பி அரபியில் ஏதோ சொன்னான். ஐந்து பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்கள் போன பிறகு, மூலை பெஞ்சில் செய்தித்தாளோடு கிடந்த தோன் பெப்பே குதிரை மாதிரி கனைத்தார். மீன் ஏலக்கடையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், வேறு வேலை இல்லாமல் என் கடையில் பொழுதைப் போக்குகிறவர். அவரை அங்கேயே வாயை மூடச் சொல்லியிருக்க வேண்டும். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதன்பிறகு தௌஃபீக் வாசலில் தலையைக் காட்டினாலே அவர் ஒரு கனைப்புக் கனைப்பார், இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கப்பலில் தன்னுடைய முரட்டுப் பலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நாங்கள் வைத்த 'குதிரை' என்ற பட்டப்பெயர் அது என்று அவன் நினைத்துக்கொண்டான். சில நாள் உள்ளே வரும்போது அவனே கனைத்துக்கொண்டு வருவான். நாங்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்போம். இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது, என் முகத்தில்தான்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் சவரம் முடிந்ததும் அவன் எழுந்து போகவில்லை.

"பெரியவன் அனீசுக்குக் கல்யாணம் மாஸ்த்ரோ. மஹ்தியாவுல. வர்ற கோடையில."

"அட, சொல்லவே இல்ல! பொண்ணு யாரு?"

"என் மச்சினன் மக. எங்க பக்கம் கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ணுவாங்க. கூட்டாளிங்க சுத்தி நின்னு பாடுவாங்க, கை தட்டுவாங்க. அவனுக்கு நான் ஒரு பிரஷ் கொண்டு போகணும். இதே மாதிரி. நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க."

"அங்கயே கிடைக்குமே தௌஃபீக்."

"கிடைக்கும். யார்கிட்ட வாங்கினோம்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு யோசித்தேன். அந்தப் பையன் முகத்தில், பாட்டுக்கு நடுவில், சொந்தபந்தம் பார்க்க, என் பொய்யைத் தடவப் போகிறார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எந்த யோக்கியனுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு. நிஜமாகவே குதிரை முடி பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால்? கடையிலிருக்கிற பன்றி முடி பிரஷ்களையும் கடாசிவிட்டு எல்லாவற்றையும் குதிரை முடியாக மாற்றிவிட்டால்? பொய் தானாக உண்மையாகிவிடும், யாருக்கும் தெரியாது. இந்த யோசனை வந்ததும் ஏதோ புண்ணியம் செய்யப் போகிறவன் போல நிம்மதியாகத் தூங்கினேன்.

பலெர்மோவுக்கு பஸ் ஏறினேன். சலூன் சாமான் விற்கும் மொத்தக் கடையில் பத்துப் பன்னிரண்டு குதிரை முடி பிரஷ்களை உள்ளங்கையில் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எல்லாம் வழவழவென்று சாய்ந்துவிட்டன. இருப்பதில் விறைப்பானது ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆலிவ் மரக் கைப்பிடி, நல்ல கனம்.

அடுத்த முறை அவன் கரைக்கு வந்தபோது, அந்தப் புது பிரஷ்ஷை அவன் முகத்திலேயே போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்றுத்தான் சுற்றியிருப்பேன், கண்ணைத் திறந்தான்.

"மாஸ்த்ரோ, இது அது இல்ல."

"புதுசுப்பா. பழகப் பழகச் சரியாயிடும்."

"இல்ல, இது சாஞ்சு படுத்துக்குது. அது நிமிந்து நிக்கும். பதினோரு வருஷமா என் கன்னத்துக்குத் தெரியாதா? விலை பாக்காதீங்க. அந்தக் குதிரையே வேணும்."

மூலையிலிருந்த தோன் பெப்பேவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. "பாத்தியா பல்தசாரே! நிஜக் குதிரையைக் கொண்டாந்து நிறுத்தினா பய வேணாங்கிறான்!" என்று சொல்லி ஒரு கனைப்புக் கனைத்தார்.

தௌஃபீக்கும் வழக்கம்போலச் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"நிஜக் குதிரைன்னா? அப்ப அது?"

அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பசு என்று சொல்லலாமா, விலை உயர்ந்த பிரஷ்ஷுக்கு முடி தரும் வளைக்கரடி என்று சொல்லலாமா என்றுகூட ஓடியது. என் புத்தி அவ்வளவுதான்.

"பன்றி" என்றேன்.

அவன் எழுந்து குழாயடிக்குப் போனான். சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினான். மறுபடியும் கழுவினான். நான் நீட்டிய துண்டை வாங்காமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். தோன் பெப்பே செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது பாவமா இல்லையா, இமாமைக் கேட்டுக்கறேன். எனக்குத் தெரியாம நடந்தது" என்றான் தௌஃபீக். குரல் உயரவில்லை. "எங்க தெருவுல ஒவ்வொருத்தனும் என்கிட்ட வந்து கேட்டான், அந்தக் கடைக்குப் போலாமான்னு. நான் விசாரிச்சுட்டேன், போலாம்னு சொன்னேன். உங்களை நம்பி வரல மாஸ்த்ரோ, என்னை நம்பி வந்தாங்க."

"நான் வந்து மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன்.

"வாங்க" என்றான். "இப்பவே."

வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை, அப்படியே கூடப் போனேன். பழைய நகரத்துச் சந்துகளில் அவன் முன்னே, நான் பின்னே. முதல் கதவு வலைக்காரன் சாபேருடையது. தௌஃபீக் தட்டினான், சலாம் சொன்னான், ஒதுங்கி நின்றான்.

"சாபேர், அது வந்து… நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். வேலை அவசரத்துல…"

"கதை வேணாம் மாஸ்த்ரோ. பிரஷ்ல என்ன முடின்னு மட்டும் சொல்லுங்க" என்றான் தௌஃபீக்.

"பன்றி முடி."

சாபேர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீ விசாரிச்சேன்னு சொன்னியே?" என்று தௌஃபீக்கைக் கேட்டான்.

"விசாரிச்சேன்" என்றான் தௌஃபீக், தரையைப் பார்த்து.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் செய்த காரியத்துக்கு அவன் தலை குனிந்து நிற்கிறான். அடுத்த கதவில் ஒருவன், முடிதானே, போனால் போகிறது என்றான். ஒருவன் படாரென்று கதவைச் சாத்தினான். வயதான ஒருவர் தௌஃபீக்கை அரபியில் வெகுநேரம் திட்டினார். அவன் முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு வாசலிலும் நான் அந்த இரண்டு சொல்லைச் சொன்னேன். எட்டு வாசல்.

ஒன்பதாவது கதவின் முன்னால் தௌஃபீக் கையை ஓங்கிவிட்டுத் தட்டாமல் நின்றான். அது லத்தீஃபின் வீடு. அந்த முதல் நாள் என் வாசலில் நின்ற ஐந்து பேரில் ஒருவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள் நான்தான் அவனுக்குச் சவரம் செய்தேன்.

பேச்சுக் குரல் கேட்டோ என்னவோ, கதவு தானாகவே திறந்தது. லத்தீஃபின் மனைவி ஸொஹ்ரா, கையெல்லாம் மாவோடு நின்றாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, மாஸ்த்ரோவா! உள்ள வாங்க. அவர் கடைசிவரைக்கும் உங்க கையைத்தான் சொல்லிட்டிருந்தாரு. வேற யார்கிட்டயும் முகத்தைக் குடுக்க மாட்டேன்னு. என்ன விஷயமா வந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். தௌஃபீக் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"அனீஸ் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தோம் அக்கா" என்றான். "மாஸ்த்ரோவும் கூட வரேன்னாரு."

அவள் வாழ்த்தினாள், டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள், அவசரம் என்று சொல்லி வந்துவிட்டோம். சந்து முனை வரை அவன் என் கையைப் பிடித்தபடியே நடந்தான். அங்கே என் கையை விட்டான்.

"இப்ப என்னையும் பொய் சொல்ல வெச்சுட்டீங்க மாஸ்த்ரோ" என்றான். வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான்.