மழைப் பாட்டின் மூன்றாவது வரி

நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. ராஜபாளையத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பொன்னுராஜ் இதை எத்தனை முறை சொன்னாலும் மணி, நிமிடம் மாறாது. அன்று ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்துப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவைத்தவன் அவன்.

சென்ற ஐப்பசி. வியாழக்கிழமை. மதியம் 3:20. தூறல்.

லிங்கேஸ்வரன் ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர். இனி அந்த வேன்தான் பிழைப்பு. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளி, திங்கட்கிழமை முதல் பிள்ளைகளை ஏற்றச் சொல்லியிருந்தது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எஃப்சி, அதாவது வண்டித் தகுதிச் சோதனை. அதில் பாஸாகாவிட்டால் அந்த ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ரிவர்ஸ் போட்டா பாட்டுப் படிக்குலே பொன்னு. பாட்டு ஹார்ன் இருந்தா ஃபெயிலாம். அத்து விட்டுரு.”

“அஞ்சு நிமிஷ வேலைண்ணே.”

உண்மையிலேயே அவ்வளவுதான் வேலை. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் கியர் பாக்ஸில் உள்ள ஒரு சின்ன சுவிட்சு அமுங்கும். மின்சாரம் பின்விளக்குக்கும் ஹார்ன் டப்பாவுக்கும் போகும். டப்பாவுக்குள் நகக்கண் அளவு சில்லு. அதில் ஒரு மெட்டு பதிந்திருக்கும். வெறும் மெட்டு. குரல் கிடையாது.

இந்த வேனில் இருந்தது மழைப் பாட்டு. மழையைப் போகச் சொல்லி, இன்னொரு நாள் வரச் சொல்லும் ஆங்கிலப் பாட்டு. எல்கேஜி படித்த எவருக்கும் தெரியும். அதன் மூன்றாவது வரியில் ஒரு வேலை இருக்கிறது. விளையாடக் காத்திருக்கும் குட்டிப் பிள்ளையின் பெயரை அங்கே போட வேண்டும். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் பெயராகப் போட்டுப் பாடுவார். தன் பெயர் வரும்வரை பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பாட்டு மறக்காமல் இருப்பதே அதனால்தான்.

“பிளவக்கல் அணை நெறையலையேன்னு ஊரே கெடந்து தவிக்கி. இவனுக மழையப் போன்னு படிச்சுக் குடுக்கானுக” என்றார் லிங்கேஸ்வரன்.

பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே டப்பாவின் ஒயரை வெட்டினான். டேப் சுற்றினான்.

“போடுங்கண்ணே ரிவர்ஸ்.”

3:52. வேன் இரண்டடி பின்னால் வந்தது. மெட்டு ஒலித்தது. சன்னமாக… மூன்றாவது வரியில் ஒரு பிள்ளைக் குரல் சேர்ந்துகொண்டது. வல்லரசு என்ற பெயரைப் போட்டுப் பாடியது.

“என்னலே, அத்துட்டேன்னு சொன்ன?”

“அத்துட்டேண்ணே. வேற எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்கு.”

டப்பாவையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். 4:10. மறுபடி ரிவர்ஸ். டப்பா கையில் சில்லென்று கிடந்தது. பாட்டு வேனிலிருந்து வந்தது. இப்போது மாரிச்செல்வி.

ஃபியூஸைப் பிடுங்கினான். 4:25. இம்மானுவேல்.

கியர் பாக்ஸ் சுவிட்சின் ஒயரை உருவினான். கை முழுக்க ஆயில். 4:48. முனீஸ்வரி.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இருபது வருடத் தொழில். மின்சாரம் ஒரு வழியாகத்தான் வரும். அந்த வழியை ஒவ்வொரு இடமாக அடைத்துக்கொண்டே போனால் நின்றாக வேண்டும். ஸ்பேனரைத் தரையில் ஓங்கி எறிந்தான்.

“ஏலே, ஒரு ஒயரை அறுக்கத் தெரியல. நீயெல்லாம் எலக்ட்ரீசியனு!”

“செத்த சும்மா இருங்கண்ணே!”

பேட்டரியையே இறக்கினான். இனி அந்த வேன் வெறும் இரும்பு. இருவரும் முன்னால் நின்று கையால் பின்னுக்குத் தள்ளினார்கள்.

5:10.

சக்கரம் அரைச் சுற்று சுற்றியது.

பாட்டு வந்தது.

ராம்குமார்.

இருவரும் கையை எடுத்தார்கள். பாட்டும் நின்றது. தூறல் மட்டும்… சொட்… சொட்…

வெள்ளிக்கிழமை. பேட்டரியையும் ஃபியூஸையும் மாட்டி, சுவிட்சையும் விளக்கையும் மட்டும் பழையபடி இணைத்து, ஓர் இடத்திலும் பின்னால் எடுக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். 10:40. இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார். விளக்குப் பார்த்தார். வேனின் பின்னால் போய் நின்றார்.

“ரிவர்ஸ் எடுங்க.”

லிங்கேஸ்வரன் கிளட்ச்சை மிதித்தார். கியரைப் போட்டார். பக்கத்தில் பொன்னுராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

பத்தடி.

சத்தமே இல்லை.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். லிங்கேஸ்வரன் பொன்னுராஜின் தொடையில் ஓங்கித் தட்டினார். “பாஸுலே!”

இன்ஸ்பெக்டர் பேப்பரை நீட்டியபடியே முகத்தைச் சுளித்தார்.

“டெஸ்டுக்கு வரும்போது பிள்ளையெல்லாம் கூட்டிட்டு வராதீங்க.”

“எந்தப் பிள்ளை சார்?”

“பின் சீட்டுல உக்காந்து பாடுதே. உங்க பேரு லிங்கேஸ்வரன்தானே? அந்தப் பேரைப் போட்டுத்தான் பாடுது. உங்க மகளா?”

லிங்கேஸ்வரனுக்குப் பிள்ளை கிடையாது.

பொன்னுராஜ் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

பின் சீட்டு…

காலி.

வேனை விற்றவருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். “ஸ்கூல் வண்டியா? பால்கோவாக் கடைக்குப் பால் ஏத்துன வண்டிங்க அது. சீட்டே உங்களுக்காகத்தான் போட்டேன். அந்த ஹார்னும் அப்பம் மாட்டுனதுதான். ஒரு பிள்ள ஏறினது கெடையாது.”

சனிக்கிழமை 11:15. பள்ளியில் நாச்சியார் டீச்சர், திங்கட்கிழமை ஏற்ற வேண்டிய பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்தார். கூடவே நின்ற பொன்னுராஜும் எட்டிப் பார்த்தான்.

வல்லரசு. மாரிச்செல்வி. இம்மானுவேல். முனீஸ்வரி. ராம்குமார்.

அதே வரிசை. ஆறாவது வரியில்… ஓட்டுநர், லிங்கேஸ்வரன்.

“இத எப்பம் எழுதுனீக டீச்சர்?” லிங்கேஸ்வரன் பட்டியலை நீட்டிக் கேட்டார்.

“இப்பத்தான் சார். இந்த ராம்குமார் வீட்டுக்காரங்க நேத்து ராத்திரிதான் தேனியிலருந்து குடி வந்தாங்க. அவனை இன்னைக்குக் காலையிலதான் சேத்தோம்.”

பொன்னுராஜ் அந்தப் பெயரைச் சுவரில் எழுதியது வியாழக்கிழமை 5:10-க்கு.

ஏழாவது வரியில் எண் மட்டும் இருந்தது.

“அதுவா சார்? ஒரு சீட்டு மிச்சம் இருக்குல்ல. யாராவது வந்தா எழுதிக்கிடலாம்.”

லிங்கேஸ்வரன் அந்த ஓட்டத்தை விடவில்லை. விட்டால் சோறு இல்லை. முட்டுச்சந்துக்குள் போவதில்லை. திரும்ப இடமில்லாத தெருவில் முனையிலேயே நிறுத்தி, பிள்ளைகளை நடந்து வரச் சொல்கிறார். தாய்மார்கள் திட்டுகிறார்கள். வாங்கிக்கொள்கிறார்.

ஏழாவது பெயர் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு.

அந்த ரிவர்ஸ் கியரை அவர் இன்றுவரை போடவில்லை.