சாக்கு

பொம்மனஹள்ளியில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேச இன்று மைக்கை வாயருகே கொண்டுபோனதும், துருவும் பலருடைய எச்சிலும் கலந்த அந்த வாடை அடித்தது. பிரேசர் டவுனில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் பேசிப் பழகிய மைக்கும் இப்படித்தான் நாறும். காலை ஆட்டாமல் நின்று, கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேச வேண்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வந்தால் தகரமெல்லாம் அதிரும், அது அடங்கும்வரை வாயை மூடிக் காத்திருந்து, விட்ட இடத்திலேயே தொடங்க வேண்டும்.

அங்கே நடந்த ஒரு போட்டியில், வீட்டில் சோறு போதுமென்றால் சொல்வோமே, அதே கன்னடச் சொல்லால், "இவ்வளவு சாக்கு" என்று என் பேச்சை முடித்தேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நடுவர் சிரித்தார். "சாக்குன்னா கோணிப்பைம்மா. போதும்னு மாத்திச் சொல்லு, முதல் பரிசு உனக்குத்தான்."

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன்.

"எங்க வீட்ல சாக்குன்னுதான் சார் சொல்லுவோம்."

பரிசு வேறொருத்திக்குப் போனது. கொட்டகையும் போய், அந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் கார்கள் நிற்கின்றன.

இன்றும் பேசி முடித்து, "சாக்கு" என்றேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் சிரித்தார்கள். ரயிலுக்குக் காத்திருந்ததுபோலவே அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கடைசி வரிசையைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்.