நாற்பது பேரும் ஒரு நீள விசிலும்

வெள்ளிமலைக்கு ஏறி வந்து ஆயம்மாள் டீச்சரிடம், "விழாவுக்குத் தொண்டர்கள் வேணும், உங்க ஊர்ப் பிள்ளைங்கள அனுப்பி வைங்க" என்று யாரும் சுலபமாகக் கேட்டுவிட முடியாது. கல்லூரிப் பையன்கள் வருவார்கள், வணக்கம் வைப்பார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். டீச்சர் உட்கார மாட்டார். நின்றபடியே கேட்பார்: "இன்னா வேலை? யாருக்கு எந்த வேலை? பேர் போட்டு எழுதிக் குடு. அப்பறம் பேசலாம்." பையன்கள் முகத்தில் ஈயாடாது. இந்தம்மாவுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று ஜீப்பில் மலை இறங்கும்போது பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். திமிர் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

தொண்ணூறாம் வருஷம் அவள் டீச்சர் இல்லை, வெறும் ஆயம்மாள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம். என்.சி.சி.யில் சேர்ந்து கழுத்தில் ஒரு விசிலும் தொண்டையில் ஓர் அதட்டலும் சம்பாதித்து வைத்திருந்தாள். மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடஒதுக்கீடு என்று அறிவிப்பு வந்து, வடக்கே எதிர்ப்பு, இங்கே ஆதரவு என்று நாடே இரண்டுபட்டுக் கிடந்த நேரம். சமூகநீதி மாணவர் முன்னணி என்ற சங்கம் கள்ளக்குறிச்சியில் மாநாடு வைத்தது. அதன் செயலாளர் வெங்கடேசன் நஞ்சை உள்ள வீட்டுப் பிள்ளை. பேசினால் கல்லும் கரையும்.

"தங்கச்சி, நூறு தொண்டர் வேணும். டவுன்ல அறுபது பேர் இருக்காங்க. மலையிலருந்து நீ நாப்பது பேர் கொண்டா. நூறு பேருக்கும் நீதான் டிரெயினிங்" என்றான் அவன். மலைக்காரர்களுக்குப் பழங்குடி என்று சட்டத்தில் இடம் ஏற்கெனவே இருந்தது. கைக்கு வராதது சாதிச் சான்றிதழ். அந்த ஒரு காகிதம் இல்லாமல் பிளஸ் டூவோடு நின்றுபோன பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அதற்கு மாநாட்டில் தனியாக ஒரு தீர்மானம் போடுகிறேன், நீயே மேடையில் முன்மொழி என்று அவன் சொன்னதும் ஆயம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டாள். கரியாலூரில் இறங்கி வீடு வீடாகப் போனாள். போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்விதான்.

"அட்வான்ஸ் எவ்ளோ?"

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மலையேறி வந்து ஆள் கேட்கிறவன் யார்? மேஸ்திரி. கரும்பு வெட்டுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டு போகிறவன். நம்ம ஊர்ப் பெண்ணும் படித்துவிட்டு மேஸ்திரி ஆகிவிட்டாளோ என்றுதான் பார்த்தார்கள். ஆயம்மாள் வாய் வலிக்க வலிக்க விளக்கினாள். இது கூலி வேலை இல்லை, தொண்டு. சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வாசலில் நிற்பார்கள், வருகிறவர்களுக்கு வழி காட்டுவார்கள், பந்தியில் பரிமாறுவார்கள்.

கடைசியாகப் போனது அமிர்தத்தின் வீடு. அமிர்தத்தின் புருஷன் மேஸ்திரியோடு போனவன், ஒன்றரை வருஷம் கழித்து இருமலோடு திரும்பினான். சாமை புடைத்துக்கொண்டிருந்த அமிர்தம் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"எம் பொண்ணு கமலாவையா கேக்கற?"

"ஆமா பெரிம்மா. பிளஸ் டூ படிக்கறா, நல்லாப் பேசற பொண்ணு. பொம்பளைங்க வர்ற வாசல்ல நிக்க வைக்கறேன்."

"நிக்கணும். அதான் பேச்சு. காலம்பூரா இங்க குனிஞ்சிக்கினுதான் கெடக்கறோம். அங்க போயும் அவ குனியக்கூடாது. நீ வாக்குக் குடுப்பியா?"

"குடுக்கறேன் பெரிம்மா."

நாலு ஞாயிற்றுக்கிழமை மலையில் பள்ளிக்கூட மைதானத்திலும், நாலு சனிக்கிழமை கள்ளக்குறிச்சியிலும் பயிற்சி நடந்தது. கை கோத்துக் கூட்டத்தை நிறுத்துவது எப்படி, யாரையும் 'போ' என்று சொல்லாமல் 'இப்படி வாங்க' என்று திருப்புவது எப்படி, காணாமல் போன குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைக்குக்குப் போவது எப்படி என்று பிழிந்து எடுத்துவிட்டாள். விசிலுக்கு மூன்று கணக்கு. சின்னதாக ஒன்று ஊதினால் நிமிர்ந்து நில். இரண்டு ஊதினால் பக்கத்து ஆளுக்கு ஒத்தாசைக்கு ஓடு. நீளமாக ஊதினால், கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு என்னிடம் வா. டவுன் பையன்கள் முதலில் கேலி செய்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பையன் பகலவன் மட்டும் முதல் நாளே சுருக்கென்று பிடித்துக்கொண்டான். அவனைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். பணிப் பட்டியலை அவளே எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் மலை ஆளும் டவுன் ஆளும் கலந்து. எழுதி வெங்கடேசன் கையில் கொடுத்தாள். கொடுத்ததுதான் தப்பு.

மாநாட்டன்று காலையில், "பேட்ஜ் கொஞ்சம் கம்மியா வந்துட்ச்சி தங்கச்சி, மத்தியானத்துக்குள்ள மலைப் பிள்ளைங்களுக்கு வந்துடும். நீ இன்னிக்கு மேடை ஆளு, மேல வா" என்று வெங்கடேசன் கூப்பிட்டான். மேடையில் மூன்றாம் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி. அவள் பெயரைச் சொன்னபோது கைதட்டினார்கள். யாரோ சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆயம்மாள் உட்கார்ந்தே இருந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும். ஒரு தரம் எழுந்து பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் குந்திக்கொண்டு, தீர்மானத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் முதல் பந்தி முடிகிற நேரத்தில்தான் தண்ணீர் குடிக்கப் பந்தலுக்குப் பின்னால் போனாள். வரிசையாகப் பாய் விரித்திருந்தது. கையில் கூடையோடு ஒரு பெண் குனிந்து எச்சில் இலைகளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கமலா. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு மலைப் பிள்ளைகள். மற்றவர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். பரிமாறியவர்கள் அத்தனை பேரும் டவுன் பிள்ளைகள், நெஞ்சில் பளபளவென்று பேட்ஜ்.

"யாருடி சொன்னது இந்த வேலைய?"

கமலா நிமிர்ந்தாள். "நீதான் சொல்லி அனுப்பினன்னு சொன்னாங்கக்கா."

ஆயம்மாள் தண்ணீர் குடிக்கவில்லை. நேரே வெங்கடேசனிடம் போனாள்.

"எம் பேர்ல யாரு சொன்னது? பட்டியல மாத்தினது யாரு?"

"மெதுவாப் பேசு. அரிசி பருப்பு குடுத்தவங்கல்லாம் ஊர்ப் பெரிய மனுசங்க. மலை ஆளுங்க பரிமாறினா ஒரு மாதிரி நெனப்பாங்க. உனக்குத் தெரியாததா? ஒரு நாள் வேலைதான."

"வாசல்ல நிக்கறதுக்கு இன்னாண்ணா கேடு? அங்கியும் ஒருத்தரக் காணோமே."

"தொண்டுன்னு வந்துட்டா பெரிய வேலை சின்ன வேலைன்னு இருக்கா? அடுத்தது உன் தீர்மானம். உங்க மலைக்குத்தான் பேசப்போற. அதக் கெடுத்துக்காத."

என்ன சாமர்த்தியம் பாருங்கள். சான்றிதழ் வேண்டுமா, இலை எடுக்காமல் இருக்க வேண்டுமா, இரண்டில் ஒன்றைச் சொல் என்கிறான். அதுவும் சமூகநீதி மாநாட்டில்.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆயம்மாள் போனாள். தீர்மானம் எழுதிய காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்திலிருந்து பணிப் பட்டியலின் நகலை எடுத்தாள்.

"மலையிலருந்து நாப்பது தொண்டருங்க வந்திருக்காங்க. இந்த நிமிசம் யாரு எங்க இருக்காங்கன்னு சொல்றேன். கமலா. பட்டியல்ல பெண்கள் வாசல். இப்ப எச்சில் எலை எடுத்துக்கினு இருக்கா. முனியன். பட்டியல்ல பந்தி. இப்ப அண்டா கழுவிக்கினு இருக்கான். சின்னராசு. பட்டியல்ல மேடைக் காவல். இப்ப அடுப்புக்கு வெறகு பொளந்துக்கினு இருக்கான்."

ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பன்னிரண்டாவது பெயரில் மைக்கைப் பிடுங்கினார்கள். கவலைப்படவில்லை. மீதி இருபத்தெட்டுப் பெயரைத் தொண்டையாலேயே படித்தாள். முன்வரிசை தரையைப் பார்த்தது. படித்து முடித்ததும் விசிலை எடுத்து, மூச்சு முட்டும்வரை நீளமாக ஊதினாள்.

பந்தலுக்குப் பின்னால் அண்டாக்கள் சரியும் சத்தம் கேட்டது. நாற்பது பேரும் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். பிரதான வாசலை விட்டுப் பகலவன் வந்தான். அவன் வந்ததைப் பார்த்து, சாம்பார் வாளியை அப்படியே இலை நடுவில் வைத்துவிட்டு டவுன் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். வந்தவர்கள் பேட்ஜைக் கழற்றி மேடை விளிம்பில் வைத்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. ஆயம்மாள் சின்ன விசில் ஒன்று கொடுத்தாள். எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள். அப்புறம் பந்தலை விட்டு வெளியே நடந்தார்கள்.

"உங்க தீர்மானத்த நீயே குழி தோண்டிப் பொதச்சிட்ட" என்று பின்னால் கத்தினான் வெங்கடேசன். அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்தத் தீர்மானம் போடப்படவே இல்லை. அந்த வருஷம் கமலாவுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் கிடைக்கவில்லை. கமலா படிப்பை விட்டாள்.

சாயங்கால பஸ் கரியாலூரில் நின்றபோது அமிர்தம் ரோட்டோரம் காத்திருந்தாள். மகளைப் பார்க்கவில்லை, ஆயம்மாளைத்தான் பார்த்தாள்.

"நின்னாளா?"

பொய் சொல்லிவிடலாம். நாற்பது பேரும் வாய் திறக்க மாட்டார்கள். "குனிஞ்சா பெரிம்மா. மத்தியானம் வரைக்கும் குனிஞ்சா. நான் மேடையில நாற்காலில குந்திக்கினு இருந்தேன்" என்றாள் ஆயம்மாள். மைக்கில் பெயர் படித்ததையும் விசில் ஊதியதையும் கமலாதான் அவசரம் அவசரமாகச் சொன்னாள். அமிர்தம் எல்லாவற்றையும் கேட்டாள். மகளின் கையைப் பிடித்துத் திருப்பி முகர்ந்து பார்த்தாள். சாம்பார் வாடை இன்னும் போகவில்லை.

"மேஸ்திரியாச்சும் அட்வான்ஸ் குடுப்பான்" என்றாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள். ஆயம்மாள் பஸ் போன பிறகும் அங்கேயே நின்றாள். பிற்பாடு ஆயம்மாளுக்குச் சான்றிதழும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. மலைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் எடுத்தாள். வகுப்பில் டீச்சருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் பிள்ளைகளின் பைகள்தான் இருக்கும்.